மாஸ்ட் முறிந்துவிட்டதா? காவேரிப்பட்டணம் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் போனில் கேட்பதும், கார் மேல் கட்டி எடுத்துவந்து கேட்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். ஆப்டிமிஸ்ட், லேசர், என்டர்பிரைஸ் மாதிரி ஒருவரோ இருவரோ ஓட்டுகிற டிங்கிகள், அப்புறம் வீட்டிலேயே பிளைவுட்டில் செய்துகொண்ட படகுகள், இவற்றுக்கு மட்டும்தான் இது. மீன்பிடி வல்லம், பெரிய யாட் எல்லாம் என் வேலை இல்லை. பாய்மரம் என்று எழுதினால் மரத்தில் செய்ததை மட்டும் சொல்கிறேன் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பட்டறையில் பேசுவது போலவே மாஸ்ட் என்றே எழுதுகிறேன்.

கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு ஒரு பட்டறையா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது தென்பெண்ணைக் கரையில், கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவில் இருக்கும் காவேரிப்பட்டணம். பூம்புகார் பக்கம் இருந்த பழைய காவிரிப்பூம்பட்டினம் இல்லை. பெயரைப் பார்த்துவிட்டு சீர்காழி வரை போய், அங்கிருந்து போன் செய்து வழி கேட்டவர் ஒருவர் உண்டு.

நான் பெங்களூரில் ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன். பாய் ஓட்டக் கற்றுக்கொண்டது அங்கே ஹலசூர் ஏரியில். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது ஒரு பழைய டிங்கியும் கூடவே வந்தது. அதன் மாஸ்ட் முறிந்து, அதைச் சரிசெய்யப் போய், இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டது. இடம் உண்மையில் வசதிதான். பெங்களூர் இரண்டு மணி நேரம், சென்னை ஐந்து மணி நேரம். ஓசூரில் கேட்ட அலுமினியக் குழாயும், அதைக் கடைசல் பிடித்துத் தருகிற லேத் பட்டறையும் கிடைக்கும்.

தண்ணீரில் இருக்கும்போதே முறிந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஆட்களை எண்ணுங்கள். பாய்க்கு அடியில் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்த பிறகுதான் படகு. முறிந்த அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், கையை அதன் மேல் வைக்காதீர்கள். மாஸ்ட் இல்லாத டிங்கி வழக்கத்தைவிட வெடுக் வெடுக்கென்று ஆடும். அது பயப்பட வேண்டிய ஆட்டம் இல்லை, கீழே உட்கார்ந்துகொண்டால் போதும். கரைக்கு நீந்திப் போகிறேன் என்று படகை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பாயைச் சுருட்டிப் படகுக்குள் இழுங்கள். மாஸ்ட்டை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகளை வெட்டத் தேவையில்லை, பின்னைக் கழற்றினாலே வந்துவிடும். உடைந்த துண்டுகளை நீளவாக்கில் படகோடு சேர்த்துக் கட்டித் துடுப்புப் போட்டு வந்துவிடலாம்.

ஒரு வேண்டுகோள். முறிந்த இடத்தை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, அழகாக்கி எடுத்து வராதீர்கள். அந்தக் கோணல்மாணலான விளிம்புதான் எனக்கு வேண்டும்.

அந்த விளிம்பில் அப்படி என்ன தெரியும்?

ஏன் முறிந்தது என்பது தெரியும். அது தெரியாமல் ஒட்டினால் அடுத்த மாதம் அரை அடி தள்ளி முறியும்.

"பலமான காற்று, அதனால் முறிந்துவிட்டது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காற்று கடைசியாகக் கை வைத்த ஆள், அவ்வளவுதான். பெரும்பாலான மாஸ்ட் ஏதோ ஒரு ஓட்டையில்தான் முறிகிறது. ரிவெட் அடித்த ஓட்டை, பூம் (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பு) மாட்டுகிற கூஸ்நெக் ஓட்டை, ஸ்பிரெடர் (பக்கக் கம்பியை வெளியே தள்ளிப் பிடிக்கும் குறுக்குக் குச்சி) ஓட்டை. விளிம்பை வெயிலில் திருப்பிப் பாருங்கள். புதிதாகக் கிழிந்த உலோகம் சொரசொரப்பாகப் பளபளக்கும். ஏற்கெனவே விட்டிருந்த விரிசல் மங்கிப்போய், அழுக்கேறி, சாம்பல் நிறத்தில் இருக்கும். போன வாரம் வந்த ஒரு மாஸ்ட்டில் சுற்றளவில் கால்வாசி சாம்பல். மூன்று மாதமாகவோ ஆறு மாதமாகவோ அது விரிந்துகொண்டே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது வெள்ளைப் பொடி. அலுமினியக் குழாயில் ஸ்டெயின்லெஸ் திருகோ ரிவெட்டோ நேராக உட்கார்ந்து, உப்புத் தண்ணீரும் சேர்ந்தால், கரைவது அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் பளிச்சென்று அப்படியே இருக்கும். அதைச் சுற்றி ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். ஏரியிலும் அணையிலும் மட்டும் ஓடிய படகில் இது குறைவு. சென்னைக் கடலில் ஓடிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் நிறுத்திய படகு என்றால், ஃபிட்டிங்கைக் கழற்றினதும் சுண்ணாம்பு மாதிரி கொட்டும்.

மூன்றாவது, மாஸ்ட்டில் ஒரு கோளாறும் இருக்காது, ஆனாலும் முறிந்திருக்கும். அப்போது கம்பியைப் பாருங்கள். பக்கக் கம்பியைப் பிடித்திருக்கும் பின்னில் சாவிக்கொத்து வளையம் மாதிரி ஒரு குட்டி வளையம் உண்டு. கயிறு அதில் மாட்டி இழுத்தால் வளையம் கழன்று, பின்னும் நழுவி, கம்பி விட்டு, மாஸ்ட் சாயும். நாலு சுற்று டேப் ஒட்டியிருந்தால் நடந்திருக்காது.

நான்காவது, சேறு. இதில் நானே மாட்டியவன். ஆழம் குறைந்த ஏரியில் படகு தலைகீழாகக் கவிழ்ந்தது. மாஸ்ட் நுனி வண்டலில் சொருகிக்கொண்டது. அது தெரியாமல் சென்டர்போர்டு (படகின் அடியில் நீட்டியிருக்கும் பலகை) மேல் ஏறி நின்று என் முழு எடையையும் போட்டு நிமிர்த்தினேன். படகு நிமிர்ந்தது. மாஸ்ட் மட்டும் கீழ்ப்பாதி வானத்தையும் மேல்பாதி கரையையும் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். நுனி சேற்றில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், முதலில் படகைக் காற்றின் போக்கில் திருப்பி, நுனியை மெதுவாக உருவிவிட்டுத்தான் நிமிர்த்துவது.

அலுமினியம்தானே, ஓசூரில் டிக் வெல்டிங் வைத்தால் முடிந்துவிடாதா?

பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். நானும் முதல் தடவை இதைத்தான் செய்தேன். வெல்டிங் அருமையாக இருந்தது, ஆளும் கைதேர்ந்தவர். படகு இருபது நிமிஷம் ஓடியது. முறிந்தது வெல்டில் இல்லை. வெல்டுக்கு இரண்டு விரல் தள்ளி.

நைந்த வேட்டியில் புது நூலால் தையல் போட்டால் தையல் நிற்கும், பக்கத்துத் துணி கிழியும் இல்லையா, அதே கதை. மாஸ்ட்டுக்குப் பயன்படும் 6061, 6082 வகை அலுமினியம் பிறவியிலேயே பலமானது இல்லை. 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்துத்தான் அந்தப் பலத்தை ஏற்றுகிறார்கள். டி6 என்று குழாய் மேல் எழுதியிருப்பது அதைத்தான். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் இறங்கி ஏறக்குறைய பாதியாகிவிடும். மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் முழு மாஸ்ட்டையும் உலையில் வைக்க வேண்டும். ஆறு மீட்டர் உலைக்கு எங்கே போவது?

லாரி பாடிக்கும் கேட்டுக்கும் வெல்டிங் சரி. நடுமாஸ்ட்டில் வேண்டாம். நுனித் தொப்பி மாதிரி பாரம் விழாத இடத்தில் சின்னதாக வைத்தால் தப்பில்லை.

அப்படியானால் எப்படித்தான் இணைப்பது?

உள்ளே ஒரு குழாய் செருகி, ஒட்டி, ரிவெட் அடிப்பது. இதற்கு ஸ்லீவ் என்று பெயர். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

60 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள வட்டக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 56. அதற்குள் தள்ளினால் போகிற, ஆனால் லொடலொடக்காத குழாய் வேண்டும். 55.5 வெளிவிட்டத்துக்கு லேத்தில் கடைந்து வாங்கலாம், அந்த அரை மில்லிமீட்டர் பசைக்கான இடம். அது கிடைக்காவிட்டால் அதே மாஸ்ட் குழாயில் ஒரு துண்டை எடுத்து, நீளவாக்கில் ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டுச் சுருக்கிச் செருகலாம். எவ்வளவு அகலப் பட்டை? விட்டம் 4 மி.மீ. குறைய வேண்டும், சுற்றளவில் அது 12.6 மி.மீ. ஆகவே 13 மி.மீ. வெட்டினால் சரியாக இருக்கும். மாஸ்ட்டுக்குள் பாய் நுழைகிற காடி இருந்தால், வெட்டிய இடைவெளி அந்தக் காடிப் பக்கம் வரும்படி வையுங்கள். காடி அடைபட்டுவிட்டால் பாய் ஏறாது.

நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. முறிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். 60 மி.மீ. குழாய்க்குப் பக்கத்துக்கு 180. நான் 200 வைப்பேன். ஸ்லீவின் இரண்டு முனைகளையும் நேராக வெட்டாமல் மீன்வால் மாதிரி வெட்டுவேன். நேராக வெட்டினால் ஸ்லீவ் முடிகிற இடத்தில் கனமான பகுதி திடீரென்று மெலிதாக மாறும், வளைவு முழுக்க அந்த ஒரே கோட்டில் விழும். அங்கேயேதான் அடுத்த முறிவு. மீன்வாலாக இருந்தால் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறும்.

ஒட்டும் பரப்பு இரண்டையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, உடனே எபாக்சி (இரண்டு பாகமாகக் கலந்து பூசும் பசை) பூசுங்கள். இன்றைக்குத் தேய்த்து நாளைக்கு ஒட்டலாம் என்றால் அதற்குள் அலுமினியம் மேல் மறுபடி ஆக்சைடு படிந்துவிடும். ஐந்து நிமிஷத்தில் இறுகும் பசை வேண்டாம், மெதுவாக இறுகுவதே நல்லது. மாஸ்ட்டை நேரான மேஜை மேல் வைத்து, பக்கத்தில் ஒன்றும் மேலே ஒன்றுமாக நூல் பிடித்துப் பாருங்கள். காடி திரும்பியிருக்கிறதா என்பதையும் பசை இறுகுவதற்குள் பார்த்துவிட வேண்டும். இறுகின பிறகு பார்த்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

ரிவெட் 4.8 மி.மீ. போதும். ஒரே வளையத்தில் சுற்றிவர அடிக்காமல் மாற்றி மாற்றி அடியுங்கள், ஸ்லீவ் முடிகிற இடத்தில் ஓட்டையே போடாதீர்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதா பாப் ரிவெட்டின் உள்ளூசி இரும்பு. அது உள்ளேயே துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். மோனல் (நிக்கலும் செம்பும் கலந்த உலோகம்) ரிவெட் கிடைத்தால் நல்லது, ஸ்டெயின்லெஸ் என்றால் அலுமினியத்தைத் தொடாதபடி பசை பூசி அடிக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் மதியம் எபாக்சி கலக்கவே கலக்காதீர்கள். டம்ளரில் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். விடியற்காலையில் அகலமான தட்டில் பரப்பிக் கலக்குங்கள். ஓசூர் மார்கழிக் குளிரில் நேர் எதிர், மறுநாளும் பிசுபிசுவென்றே இருக்கும்.

எல்லா முறிவுக்கும் ஸ்லீவ் போடலாமா?

இல்லை. பக்கக் கம்பி இல்லாமல் தன் காலிலேயே நிற்கிற மாஸ்ட் (லேசர், ஆப்டிமிஸ்ட்) படகின் மேல்தளத்தை ஒட்டி முறிந்தால் நான் கை வைக்க மாட்டேன். வளைவின் மொத்தப் பாரமும் அந்த இடத்தில்தான். புதுசு வாங்குங்கள். குழாய் முழுக்க வெள்ளைப் பொடி அரித்திருந்தாலும் அதே பதில்.

லேசர் மாஸ்ட்டின் மேல்துண்டு காலர் அருகே முறிந்துவிட்டது.

அலுமினிய மேல்துண்டு வைத்திருக்கும் லேசர்காரர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். மேல்துண்டு கீழ்த்துண்டுக்குள் உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் காலர், அதைப் பிடிக்க ஒரு ரிவெட், அந்த ரிவெட் ஓட்டையில் விரிசல். பாய் மாஸ்ட் நுனியைப் பின்னால் இழுப்பதால் மாஸ்ட்டின் முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அமுங்கும். விரிசல் பிறப்பது இழுபடும் பக்கத்தில். ஆகவே ரிவெட் ஓட்டை முன்பக்கம் இருந்தால் அதைப் பின்பக்கமாகத் திருப்பி வையுங்கள், இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இன்னும் முறியவில்லை, லேசாக வளைந்திருக்கிறது என்றால், காலரையும் நுனித் தொப்பியையும் கழற்றித் துண்டைத் தலைகீழாக மாற்றிப் போடுவது பழைய வழக்கம். வளைந்த, ஓட்டை விழுந்த முனை மேலே போய்விடும், அங்கே பாரம் குறைவு. போட்டிக்குப் போகிறவர்கள் அந்தப் படகு வகைக்கான போட்டி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாஸ்ட்டுகள் காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டவை. கவிழும்போது மிதந்து, படகு முழுக்கத் தலைகீழாவதைத் தாமதப்படுத்துவதற்காக. புது ரிவெட் அடித்த பிறகு பஞ்சர் கடையில் டியூப்பை முக்குவது போல, மோட்டார் தொட்டியில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அடையுங்கள்.

வளைந்த அலுமினிய மாஸ்ட்டை நிமிர்த்தலாமா?

நீளமான, மென்மையான வளைவு என்றால் ஒரு தடவை நிமிர்த்தலாம். இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே, சாக்கு சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. சூடு காட்டக் கூடாது. ஒரே இடத்தில் மடிந்து நசுங்கியிருந்தால் வேண்டாம்.

நிமிர்த்திய பிறகு விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபேக்டரிகளில் வெல்டைச் சோதிக்கச் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் ஸ்பிரே டப்பாவில் வைத்திருப்பார்கள். சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளையை அடித்தால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாக எழுந்து வரும்.

என்னுடையது மரத்தாலான மாஸ்ட். அதற்கும் ஸ்லீவா?

மரத்துக்கு அதைவிட நல்ல வழி உண்டு. இரண்டு துண்டையும் நீளச் சாய்வாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுவது. எவ்வளவு நீளச் சாய்வு என்பதில்தான் உயிர் இருக்கிறது. தடிமனைப் போல எட்டு மடங்கு என்பது குறைந்தபட்சம். மாஸ்ட்டுக்கு நான் பன்னிரண்டு மடங்கு போடுவேன். 50 மி.மீ. கம்பு என்றால் சாய்வு 600 மி.மீ. "அவ்வளவு நல்ல மரத்தைச் சீவித் தள்ளுவதா" என்று எங்கள் ஊர் ஆசாரி முதல் நாள் என்னிடம் சண்டைக்கே வந்தார். ஒட்டினதை இரண்டு செங்கல் மேல் வைத்து அவரையே ஏறி நிற்கச் சொன்னேன். இப்போது அவர்தான் எனக்கு இழைத்துத் தருகிறார்.

இழைப்புளியால் சீவிய பரப்பு போதும், உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்காதீர்கள். சாய்வில் மரத்தின் நார்க் குழல்கள் வாய் திறந்து நிற்கும், பசையை உறிஞ்சிவிடும். அதனால் முதலில் தண்ணியான எபாக்சியைப் பூசி, உறிஞ்ச விட்டு, அப்புறம் கெட்டியாகக் கலந்ததைப் பூசி இணையுங்கள். கிளாம்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்து உள்ளே வறண்டு போகும். ஓரத்தில் முத்து முத்தாகப் பிதுங்கினால் போதும். மேசை நாற்காலி ஒட்டுகிற சாதா வெள்ளைக் கோந்து தண்ணீருக்கு நிற்காது.

ஒட்டுவதற்கு முன் ஃபிட்டிங் இருந்த இடங்களில் குத்தூசியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அது உளுத்த மரம், அதையும் தாண்டி வெட்டுங்கள். எல்லாம் முடிந்து வார்னிஷ் அவசியம். எபாக்சிக்கு வெயில் ஆகாது.

சவுக்கு, மூங்கில், தேக்கு இருக்கும்போது வெளிநாட்டு மரம் எதற்கு?

நியாயமான கேள்வி. சவுக்கு நேராகக் கிடைக்கும், பலமும் உண்டு, கடலோரத்தில் பாய்மரமாக நின்ற மரம்தான். ஆனால் கனம். டிங்கியில் மேலே போகும் ஒவ்வொரு கிலோவும் படகைக் கவிழ்க்கப் பார்க்கும், கவிழ்ந்ததை நிமிரவிடாது. தேக்கு எளிதில் அழுகாது, ஆனால் அதுவும் மாஸ்ட்டுக்குக் கனம்தான். இப்போது இறக்குமதியில் வரும் டக்ளஸ் ஃபிர் கிடைத்தால், முடிச்சில்லாமல் நார் நேராக ஓடுகிறதா என்று பார்த்து எடுங்கள்.

மூங்கிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஆப்டிமிஸ்ட் அளவுப் படகுக்குத் தற்காலிகமாகத் தாராளமாகப் போதும். முற்றிய மூங்கிலாக எடுத்து நிழலில் காயவைத்து, கணுவுக்குக் கணு நடுவில் நூல் இறுகச் சுற்றி எபாக்சி பூசினால் பிளக்காது. ஓட்டை மட்டும் போடாதீர்கள், கட்டுங்கள்.

கடையில் கிடைக்கும் ஜி.ஐ. பைப்பையே நட்டால்?

கணக்கைப் பாருங்கள். 60 மி.மீ., 2 மி.மீ. தடிமன் அலுமினியக் குழாய் மீட்டருக்கு ஒரு கிலோ. இரண்டு இன்ச் ஜி.ஐ. பைப் மீட்டருக்கு ஐந்து கிலோ. ஐந்து மீட்டர் மாஸ்ட் 5 கிலோவில் முடிய வேண்டியது 25 கிலோவாகும். முதல் காற்றிலேயே படகு படுத்துவிடும். பி.வி.சி. பைப் தூண்டில் மாதிரி வளையும். ஜன்னல் செய்கிற அலுமினியக் குழாய் மெல்லிசு, பலமும் குறைவு, அதோடு பெரும்பாலும் 12 அடி நீளத்தில்தான் வைத்திருப்பார்கள்.

புது மாஸ்ட் வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டேன். என்னென்ன அளவு எடுக்க வேண்டும்?

பழையதை எடைக்குப் போடுவதற்கு முன் துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, அடியிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள்: பூம் மாட்டும் இடம், ஸ்பிரெடர், பக்கக் கம்பி மாட்டும் இடம், நுனி. குழாயின் குறுக்குவெட்டு நீள அகலம், தடிமன், காடியின் அகலம். மொத்த எடை. அப்புறம் போட்டோ, அளவுநாடாவையும் சேர்த்து.

நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, வளைவும் சரியாக இருக்க வேண்டும். பாயின் முன்விளிம்பை மாஸ்ட் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டுத்தான் வெட்டியிருப்பார்கள். அதைவிட விறைப்பான மாஸ்ட்டில் பாய் பானை வயிறு போட்டுக்கொண்டு, பலத்த காற்றில் அடங்காது. ரொம்ப வளைகிற மாஸ்ட்டில் பாயின் கீழ்மூலையிலிருந்து மாஸ்ட் நடுவுக்குச் சாய்வாகச் சுருக்கங்கள் ஓடும். பழைய மாஸ்ட் வாங்கப் போனால் உங்கள் பாயையும் எடுத்துப் போய் ஏற்றிப் பாருங்கள்.

பழைய கம்பிகளையே மாட்டலாமா?

மாஸ்ட் விழும்போது கம்பியும் மடங்கியிருக்கும். டிங்கியில் இருப்பது 19 இழை முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பி, பெரும்பாலும் இரண்டரை அல்லது மூன்று மில்லிமீட்டர். பழைய பனியன் துணியால் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே உருவுங்கள். துணி எங்காவது மாட்டினால் அங்கே இழை அறுந்திருக்கிறது. அமுக்கி மூடிய முனை அருகில்தான் அதிகம் அறும். ஒரு இழை போனாலும் கம்பியை மாற்றுங்கள், ஒரு பக்கம் போனால் மறுபக்கத்தையும். சைக்கிள் பிரேக் வயர் போட்டு வந்தவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

கார்பன் மாஸ்ட்?

என்னிடம் கொண்டுவராதீர்கள். நார் எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்று தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. முறிந்த முனையைத் துணியால் சுற்றி வையுங்கள், சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம். அறுத்தால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் பரிசலுக்கு மாஸ்ட் வைத்துத் தர முடியுமா?

இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். பரிசல் வட்டம். பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்க அடியில் பலகை இல்லை, சுக்கானும் இல்லை. பாய் கட்டினால் சுற்றிக்கொண்டே காற்று போகிற பக்கம் போகும்.

மாஸ்ட் நிறுத்தும் இடத்தில் மின்கம்பி இருக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. அலுமினியமும் கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும், ஈர மரமும் கடத்தும். நம் பக்கத்தில் ஏரிக்கரை ஓரமாக, வயல் மேலே தாழ்வாகத் தொய்ந்து போகிற கம்பிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே தாவும். மாஸ்ட்டை நிமிர்த்துவதற்கு முன் தலையைத் தூக்கி நான்கு பக்கமும் பாருங்கள். நிறுத்திய மாஸ்ட்டோடு டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், படுக்க வைத்துத் தள்ளுங்கள். அணையிலோ ஏரியிலோ இறக்குவதற்கு நீர்வளத் துறையிடம் அனுமதி கேட்கும்போதே, கம்பி இல்லாத கரை எது என்றும் அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிசெய்த மாஸ்ட் தாங்குமா என்று தண்ணீரில் இறங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு முனையையும் ஸ்டூல் மேல் வைத்து, நடுவில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். 60 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன், ஸ்டூல்களுக்கு நடுவே 6 மீட்டர் என்றால், கேனால் மட்டும் ஏறக்குறைய 8 செ.மீ. தொய்யும். ஸ்லீவ் போட்டதில் இன்னும் கொஞ்சம் குறையலாம். மாஸ்ட்டைக் கால் சுற்று திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தொய்ந்தாலோ, கேனை எடுத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டாலோ, ஒட்டு பிடிக்கவில்லை. டிக் என்று சத்தம் கேட்டாலும் அப்படித்தான். எபாக்சி போட்டு ஒரு வாரமாவது கழித்து இதைச் செய்யுங்கள். முதல் நாள் இளங்காற்றில், கரையை ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.

காரில் எப்படிக் கொண்டுவருவது?

கேரியரில் இரண்டு இடத்தில் கட்டி, முன் பம்பருக்கு ஒரு கயிறு, பின் பம்பருக்கு ஒரு கயிறு. கம்பிகளை மாஸ்ட்டோடு சேர்த்துச் சுற்றி டேப் போடுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் கூரையை அடித்துக்கொண்டே வரும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் நல்ல சிவப்புத் துணி. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் "இது என்ன, கோயில் கொடிமரமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள், எந்தக் கோயில் என்று அடுத்த கேள்வி வரும், பின்னால் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.